காலி எடை இல்லாத சீட்டு

ரோஸ்லினுடைய கம்ப்யூட்டர் தூங்கும்போதெல்லாம் எங்கள் ஊரில் சுமைகளுக்கு எடை இல்லாமல் போயிற்று, அது பதினேழு நாள் நீடித்தது, பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே அதைச் சரிசெய்து வைத்தேன். நடந்தது இவ்வளவுதான். மிச்சம் நான் சொல்லப்போவதெல்லாம் நன்றி, அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் சுயம்புகனி. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் தொடங்குகிற ரோட்டோரத்தில் எங்கள் வீடு. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது என் கால்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, அதனால் முப்பத்தொரு வயதுவரை உலகத்தை ஜன்னல் வழியாகவே விசாரித்து வந்திருக்கிறேன். ஜன்னலுக்கு நேரே பதினைந்தடி தள்ளி சேர்மக்கனி அண்ணாச்சியின் எடை மேடை. தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்புப் பலகை, பக்கத்தில் எட்டுப் படி ஏறினால் ஒரு கேபின், கேபினுக்குள் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு முன்னால் ரோஸ்லின். உப்பு ஏற்ற வரும் லாரி முதலில் வெறுமனே பலகையில் ஏறும், அது காலி எடை. பிறகு உப்போடு வந்து ஏறும், அது மொத்த எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து நிகர எடையையும் போட்டு கம்ப்யூட்டர் ஒரு சீட்டைத் துப்பும். ரோஸ்லினும் நானும் ஒரே வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தவர்கள். மார்க் எனக்குத்தான் கூட. வேலை அவளுக்குக் கிடைத்தது, காரணம் அந்த எட்டுப் படி. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, படிகள்மேல் கொஞ்சம் உண்டு.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, பொட்டு வைத்து, கீபோர்டின் மேல் பொரியும் கடலையும் தூவி, பூஜை நாளில் எந்திரத்தை வேலை வாங்கக்கூடாது என்று யாரும் அதைத் தொடாமல் விட்டார்கள். அண்ணாச்சி மட்டும், "அணைச்சுப் போடாதம்மா, திரை வெளிச்சமா இருந்தாத்தான் லட்சணமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். எட்டு மாதமாக "இப்போது புதுப்பிக்கவா, பிறகு புதுப்பிக்கவா" என்று கெஞ்சிக்கொண்டிருந்த எந்திரத்துக்கு முதல்முறையாக ஒரு முழுநாள் ஓய்வு கிடைத்தது, அது யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலையில் ரோஸ்லின் பொரியைத் தட்டிவிட்டுப் பார்த்தால் திரையில் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. அதுகூடப் பெரிதில்லை. இரண்டு நிமிடம் கையை எடுத்தால் கம்ப்யூட்டர் தூங்கிப்போயிற்று.

லாரி பலகையில் ஏறும், டிரைவர் இறங்கிக் கேபினுக்கு ஏறி வருவதற்குள் திரை இருண்டுவிடும், மவுசைத் தட்டி எழுப்பினால் எடை காட்டும் கேபிளை அது மறந்திருக்கும், எல்லாவற்றையும் மூடித் திறந்து மறுபடி தொடங்க வேண்டும், அதற்குள் பின்னால் நான்கு லாரி ஹாரன் அடிக்கும். ரோஸ்லின் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏட்டி சுயம்பு, இது என்னட்டி கும்பகர்ணனா மாறிட்டு? பவர் செட்டிங்ல போயி 'ஒருபோதும் தூங்காதே'ன்னு போட்டுட்டேன், கேக்கவே மாட்டேங்கு."

"பவர் பிளான மாத்திப் பாரு. அப்டேட் பண்ணா பழசெல்லாம் அழிஞ்சிருக்கும்."

"மாத்திட்டேன்."

"அப்ப இரு, பாக்குதேன்" என்று நான் செல்போனை எடுத்தேன். அன்று தொடங்கியது என் ஆராய்ச்சி.

அதே நேரம், அதே காலையில், அளத்தில் என் அம்மா சந்தனமாரி உப்புச் சட்டியைத் தூக்கிச் சும்மாட்டில் வைக்கப் போனவள், முப்பது வருஷப் பழக்கத்தில் எவ்வளவு பலம் போடுவாளோ அவ்வளவும் போட்டுத் தூக்க, சட்டி தலையைத் தாண்டிப் போய் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அரைச்சட்டி உப்பு ரவிக்கைக்குள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள், அடுத்த நிமிடம் அவர்கள் சட்டியும் பறந்தது. கீழே கிடக்கும்வரை எல்லாம் தன் எடையோடுதான் கிடந்தது. ஒரு ஆள் குனிந்து தூக்கினால் மட்டும், தூக்கிய கைக்கு அதில் பாரமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று பாரம் வந்து இறங்கியது, மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. அந்த வேலைக் கூட்டத்தின் கொத்துத் தலைவி அந்தோணியம்மா சித்தி மட்டும் பயப்படவில்லை. "போறப்ப தூக்குவோம், வாறப்ப இறக்கி வைப்போம். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். மழைக்கு முன்னால் கடைசி உப்பை வாரித் தட்டுமேட்டில் குவித்து ஓலை மூட வேண்டிய நாட்கள் அவை, அவர்களுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தது நான்தான். கேபின் கண்ணாடியில் நீல வெளிச்சம் அணைந்தால் தெருவில் குடத்தோடு வருகிறவர்கள் துள்ளி நடப்பதையும், வெளிச்சம் வந்தால் அவர்கள் இடுப்பு ஒடிவதையும் ஒரு பகல் முழுக்கக் குறித்து வைத்து, சாயங்காலம் ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் மவுசைத் தட்டினாள், விட்டாள், தட்டினாள், விட்டாள். ரோட்டில் கேஸ் சிலிண்டர் சுமந்து போன ஆள் ஆறு தடவை உட்கார்ந்து எழுந்தார். எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பிறகு ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தை நான் பெருமையோடுதான் சொல்வேன். கம்ப்யூட்டர் தூங்கினால் ரோஸ்லின் தன் சிவப்புத் துப்பட்டாவைக் கேபின் கம்பியில் தொங்கவிட்டாள், எழுப்பப் போகிறாள் என்றால் இழுத்துக்கொண்டாள், துப்பட்டா தெரியாத தெருக்களுக்கு ஆட்கள் கூவிச் சொன்னார்கள். சிவப்புத் தெரிந்ததும் பெண்கள் ஆளுக்கு ஆறு குடம் தூக்கினார்கள், ரேஷன் அரிசி மூட்டைகள் விரல் நுனியில் வீடு போய்ச் சேர்ந்தன, கோயில் வாசலில் பாதையை மறித்துக் கிடந்த ஆட்டுரலைப் பூசாரி ஒரு கையால் ஓரம் வைத்தார், மாதா கோயிலில் சொரூபத்தை இறக்கி மாடத்துக்கு வெள்ளையடித்து மறுபடி ஏற்றி வைத்தார்கள், டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடந்த தன் வீட்டுக்காரரை ஒரு பெண் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் காய்கறிப் பையோடு, யாரிடமும் உதவி கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒருவன் மோட்டார் பைக்கைத் தலைக்குமேல் தூக்கிப் படம் எடுக்கப் போய், அந்த நேரம் லாரி வந்து ரோஸ்லின் மவுசைத் தட்ட, ஆறு வாரம் கட்டுப் போட்டுப் படுத்தான். அதற்குப் பிறகு எதையும் முழங்காலுக்கு மேலே தூக்குவதில்லை என்று ஊரே ஒரு மரியாதையைக் கற்றுக்கொண்டது. ஞாயிறு பூசையில் சாமியார், "குடுத்தா வாங்கிக்கிட்டு நன்றி சொல்லுங்க, ரசீது கேக்காதீங்க" என்று ஒரே வரியில் பிரசங்கத்தை முடித்துக்கொண்டார். அவ்வளவு சின்னப் பிரசங்கம் கிடைத்ததற்கும் சேர்த்து மக்கள் நன்றி சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் அது மூன்றாம் நாள் வந்தது. கட்டிலிலிருந்து என்னை நாற்காலிக்கு மாற்ற அம்மா தினமும் செய்வதுபோல் புடவையை இடுப்பில் செருகி, மூச்சைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லித் தூக்கினாள். ஐம்பத்தெட்டு கிலோ நான். அவள் கையில் ஒன்றுமே இல்லாததுபோல் மேலே போனேன். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, அவள் அதில் என்னை வைக்கவில்லை. சின்னப் பிள்ளையில் வைத்ததுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்படிக்குப் போனாள், கொல்லைக்குப் போனாள், பரணில் என்ன இருக்கிறது என்று காட்டினாள், நான் இருபது வருஷமாகப் பார்க்காத அந்தப் பரணில் என் பழைய பள்ளிக்கூடப் பெட்டி இருந்தது. அவள் கழுத்தில் உப்பு வாசனை அடித்தது. "கனமே இல்லட்டி நீ" என்று ஒரு தரம் சொன்னாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

எனக்குக் கடல் ஞாபகம் வந்தது அந்த நிமிடம்தான். எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒரு கிலோமீட்டர், ஆனால் நடுவில் அளம். பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி வரப்பு, அதில் சக்கர நாற்காலி போகாது. ஆட்டோவில் துறைமுக ரோட்டுக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கடலைப் பார்த்திருக்கிறேன், அதையெல்லாம் கணக்கில் சேர்க்கக்கூடாது. பதினொரு வயதில் அம்மா என்னை முதுகில் சுமந்து வரப்பு வழியே கொண்டுபோய் அலையில் உட்கார வைத்தாள். அதன்பிறகு நான் வளர்ந்தேன், அவளால் முடியவில்லை. தினமும் அந்தக் கடலோரத்தில்தான் அவள் மத்தியானச் சோறு தின்கிறாள். ஒரு நாளும் அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை.

"யம்மா, கடலுக்குப் போவமா?" என்றேன்.

"போற வழியில எவனாவது லாரிக்காரன் வந்து அவ மவுசத் தொட்டுட்டான்னா?"

அது நியாயமான கேள்வி. போக வர ஒன்றரை மணி நேரமாவது கம்ப்யூட்டர் தொடர்ந்து தூங்க வேண்டும், பகலில் லாரிகள் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தன, இருட்டிய பிறகு வரப்பில் கால் வைக்க முடியாது. அதனால் ஆசையை வாயை மூடி உட்காரவைத்தேன்.

இதற்கிடையில் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. எடை இல்லாமல் போனதால் எடை போடுகிறவருக்கு என்ன சந்தோஷம் இருக்க முடியும்? டிரைவர்கள் வேறு மேடைக்குப் போகத் தொடங்கினார்கள். பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை படியேறி வந்து, "திங்கக்கிழமை காலையில இந்தப் பொட்டி ஒழுங்கா முழிச்சிருக்கணும் ரோஸ்லின். இல்லன்னா டவுன்லேருந்து புதுப் பொட்டியும் அதுகூடவே ஒரு ஆளும் வாராவ. எனக்கு வேற வழி தெரியல, தாயி" என்றார். ரோஸ்லின் வீட்டில் அவள் ஒருத்திதான் சம்பாதிக்கிறவள். அன்று துப்பட்டாவைத் தொங்கவிடவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே எனக்கு வழி கிடைத்துவிட்டது.

எங்கேயோ ஒரு கேள்விபதில் பக்கத்தில், நூற்றுக்கணக்கான பேர் இதே குறையைச் சொல்லி அழுதிருந்ததற்கு அடியில், பெயர் போடாத யாரோ ஒருவர் எழுதியிருந்தார். புதுப்பித்த பிறகு, ஆள் தொடாதபோது தூங்குவதற்கென்று தனியாக இரண்டு நிமிடக் கட்டம் ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும், கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் இந்த ஒரு வரியை அடித்தால் வெளியே வரும், அதில் பூஜ்யம் போடுங்கள். கடைசியில், "எனக்குச் சரியாயிற்று, உங்களுக்கும் ஆகட்டும்" என்று இருந்தது. எந்த ஊரோ, எந்த வீட்டுப் பிள்ளையோ, அவருக்கும் இந்தக் கதையில் என் நன்றி.

நான் அந்த வரியை எழுதி வைத்துக்கொண்டேன். ரோஸ்லினிடம் சொல்லவில்லை. வெள்ளி போயிற்று, சனி காலை போயிற்று. அவள் ஜன்னலில் வந்து "ஏதாவது கிடைச்சுதாட்டி?" என்று கேட்டபோது, "பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். பொய் சொல்லி முடித்ததும் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"நேத்தே கிடைச்சிட்டு. ஒரு வரிதான். அடிச்சா ஒனக்கு வேல நிலைக்கும், எங்கம்மைக்கு நான் மறுபடி கனத்துருவேன். அதான் சொல்லல. என்னைத் திட்டு."

ரோஸ்லினுக்குக் கோபம் வந்தது, எனக்குத் தெரியும், மூக்கு நுனி சிவந்தது. "ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கலட்டி நான்" என்றாள். "கேட்டிருந்தா நானே தந்திருப்பேன்லா. எங்க போவணும், சொல்லு."

"கடலுக்கு."

"நாளைக்கு நாலு மணிக்கு. அஞ்சரைக்குள்ள வந்துரணும். வந்து வரியச் சொல்லிரு. அதுவரைக்கும் மவுச எமன் வந்தாலும் தொட விடமாட்டேன்."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கேபின் கம்பியில் சிவப்புத் துப்பட்டா ஏறியது, அம்மா என்னை இடுப்பில் வைத்து வாசலைத் தாண்டினாள். முதல் லாரி வந்து நின்றது. கருத்தப்பாண்டி என்று ஒரு டிரைவர், முன்கோபக்காரர், கப்பலுக்கு உப்பு ஏற்றிப் போகிறவர். என்னவென்று கேட்டு இறங்கி வந்தார். ரோஸ்லின் ஜன்னல் வழியாக வரப்பைக் காட்டினாள். வரப்பில் அம்மா போய்க்கொண்டிருந்தாள், அவள் தோளுக்கு மேலே பின்பக்கம் பார்த்தபடி நான், கையை ஆட்டினேன்.

அவர் திரும்பிப் போய் எஞ்சினை அணைத்தார். சாவியையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த லாரிகளிடம் அவரே போய்ச் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஐந்தரைக்குள் ஒன்பது லாரிகள் வரிசையாக நின்றன, ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ரோட்டில் நான் கேட்ட முதல் அமைதி அது. மற்ற எட்டுப் பேர் பெயரும் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பேன்.

கடலைப் பற்றி என்ன சொல்ல? அம்மா முழங்கால்வரை இறங்கி என்னை மெல்ல உட்கார வைத்தாள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. என் கால்கள் மிதந்தன, அவற்றுக்கு அது தெரியாது, எனக்குத் தெரிந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தான் தினமும் சோறு தின்கிற கல்லைக் காட்டினாள், தூக்குவாளியை எந்த இடுக்கில் வைப்பாள் என்று காட்டினாள். முப்பது வருஷமாக அவள் பகல் முழுதும் எங்கே இருந்தாள் என்பதை அன்றுதான் பார்த்தேன். இருபது நிமிடம் இருந்திருப்போம். "போதுமாட்டி?" என்றாள். "போதும்மா" என்றேன். போதாது என்று இருவருக்கும் தெரிந்தது, ரோஸ்லின் மேல் இருந்த நன்றியில் எழுந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது, சரியாக வரப்பின் நடுவில், நான் ஐம்பத்தெட்டு கிலோ ஆனேன்.

நடந்தது இதுதான். அண்ணாச்சி ஒரு கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்திருக்கிறார். ஒன்பது லாரி நிற்பதைப் பார்த்துப் பதறிப் படியேறியவரிடம் ரோஸ்லின் கையைக் கூப்பிக்கொண்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் திட்டவில்லை. கண் கலங்கி, "யாரும்மா, நம்ம சந்தனமாரி மகளா? எங்க, எங்க?" என்று மேஜைக்கு மேலே சாய்ந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கல்யாணச் சாப்பாடு நிறைந்த அவருடைய வயிறு மவுசில் பட்டது. மறுபடி தூங்க வைக்கிறேன் என்று பதறி அவர் மவுசைத் தட்டிக்கொண்டே இருந்ததில், அது திரும்பத் தூங்கவும் இல்லை.

அம்மாவின் முழங்கால் மடங்கியது. இரண்டு பக்கமும் பாத்தி, உப்பு பூத்து வருகிற நேரம். அதில் மிதித்தால் அடித்தளம் உடைந்து ஒரு வார உப்பு பாழாகும், அளத்துப் பெண்கள் தூக்கத்தில்கூட அதில் கால் வைக்க மாட்டார்கள்.

"இறக்கும்மா."

"எங்கட்டி இறக்க? பேசாம இரு." அவள் கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. அவளுக்கு ஐம்பத்தாறு வயது.

தட்டுமேட்டில் ஓலை மூடிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். அந்தோணியம்மா சித்தி சத்தம் போட்டபடி ஓடி வந்தாள், அவளோடு ஏழு பேர்.

"வேண்டாம்ட்டி, நான் கொண்டு போயிருவேன்" என்றாள் அம்மா, மூச்சு வாங்க.

"நீ கிழிச்ச. ஒத்தையில தூக்கிப் பாத்து, முடியலன்னதும் பிள்ளைய இருவது வருசமா ஜன்னல்ல வச்சிட்ட. எங்களுக்கெல்லாம் கையி இல்லியா? நீ ஒரு நாளு கேட்டியா?"

அம்மா என்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "கேக்கணும்னு தோணலட்டி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அளத்து மேஸ்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு மூங்கில் கழியை அடியில் கொடுத்துச் சும்மாட்டுத் துணிகளால் கட்டினார்கள். அந்தோணியம்மா சித்தி, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், உப்பு பூத்த பாத்தியில் கால் வைத்து இறங்கினாள். அது உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது, அப்பளம் நொறுங்குவதுபோல். மற்றவர்களும் இரண்டு பக்கமும் இறங்கினார்கள். தூக்கினார்கள். எடையோடு, ஒரு கிராம்கூடக் குறையாமல், வியர்த்து, மூச்சு வாங்கி, "ஏட்டி அந்தப் பக்கம் தாழுது", "சோத்தக் கொறடி சுயம்பு" என்று என்னைத் திட்டிக்கொண்டு, மாதா கோயில் சப்பரத்தைத் தூக்குவதுபோல் என்னைத் தூக்கி வந்தார்கள். அம்மா ஒரு கழியை விடவே இல்லை. பதினேழு நாள் அதிசயத்தில் நான் அழுததைவிட அந்த அரைக் கிலோமீட்டரில் கூட அழுதேன்.

ரோட்டுக்கு வந்து எடை மேடையின் இரும்புப் பலகையில் நின்றோம். கேபின் வாசலில் அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார், "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே. "விடுங்க அண்ணாச்சி, நல்லதுதான் செஞ்சிய" என்று நான் சொன்னது அவருக்கு அன்று புரிந்திருக்காது.

வாக்குப்படி செல்போனை எடுத்து, நாற்காலியில் இருந்தபடியே, அந்த வரியை எழுத்து எழுத்தாகக் கூவினேன். மேலே ரோஸ்லின் தட்டினாள். "வந்துட்டுட்டி, ஒளிஞ்சு கிடந்த கட்டம் வந்துட்டு! ரெண்டு நிமிசம்னு இருக்கு!"

"பூஜ்யம் போடு."

போட்டாள். துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இனிப் பரீட்சை. யாரும் எதையும் தொடாமல் பத்து நிமிடம் காத்திருந்தோம். ஒன்பது டிரைவர்களும் இறங்கி வந்து நின்றார்கள். அந்தோணியம்மா சித்தி யார் வீட்டிலிருந்தோ ஒரு தண்ணீர்க் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். குடம் கனத்தபடியே இருந்தது. நீல வெளிச்சம் அணையவில்லை. "முழிச்சிருக்கு" என்றாள் சித்தி கடைசியில், குடத்தை இறக்கி வைத்து. யாரும் கை தட்டவில்லை. சிலர் கேபினைப் பார்த்துக் கும்பிட்டார்கள், விருந்தாளியை வழியனுப்புவதுபோல்.

கருத்தப்பாண்டி தன் லாரியைப் பலகைக்கு ஏற்ற வேண்டும், நாங்கள் மறித்துக்கொண்டு நின்றோம். அவர் அவசரப்படவில்லை. "கேபிளு சரியா இருக்கான்னு பாக்கணும்லா, மொதல்ல இவியளுக்கு ஒரு எடை போடும்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது பெண்கள் கழிகளை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு அசையாமல் நிற்க, நடுவில் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார, ரோஸ்லின் வண்டி எண் கேட்கிற கட்டத்தில் என் பெயரை அடித்தாள்.

சீட்டோடு எட்டுப் படியும் இறங்கி வந்து என் கையில் தந்தாள். வண்டி எண்: சுயம்புகனி. மொத்த எடை: 570 கிலோ.

"காலி எடையும் போட்டாத்தான் நிகரம் வரும்" என்றாள் ரோஸ்லின் என் அம்மாவிடம், பழக்க தோஷத்தில். "இவள வீட்டுல இறக்கிட்டு, நீங்க மட்டும் திரும்பி வாங்க பெரியம்மா, போட்டுத் தாரேன்."

அம்மா தோளில் கழியை மாற்றிக்கொண்டாள்.

"காலி எடை வேண்டாம்" என்றாள்.

கம்ப்யூட்டர் அதன்பிறகு தூங்கவில்லை, ரோஸ்லின் வேலையில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஆட்கள் மாறி மாறி வந்து என்னைக் கடலுக்குத் தூக்கிப் போகிறார்கள், திட்டிக்கொண்டுதான். சீட்டு என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மை மங்கிவிட்டது, மொத்த எடையை இன்னும் படிக்க முடிகிறது. அதற்குக் கீழே காலி எடை, நிகர எடை என்று இரண்டு வரி வெறுமையாக இருக்கின்றன, அம்மா அவற்றை நிரப்ப விடவில்லை.